சுண்ணாம்பு கழுவிய முட்டி: யாழ்ப்பாணத்து ஊர் அருங்காட்சியகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இலங்கைச் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருளாக மதிக்கப்பட வேண்டுமானால், பொதுவாக அது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் போட்ட கோடு அது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் கொடுத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாளை எடுத்து நாடு முழுவதற்கும் எல்லையாக வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணக் கோட்டை அதற்கு இருபது வருடம் முன்பே, 1795இல், ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கண்டியில் நடந்ததற்கும் எங்கள் அம்மம்மாவின் மூக்குப்பேணிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் கோடு கோடுதான். அதற்கு இந்தப் பக்கம் விழும் பேணியையும் பெட்டகத்தையும் பாக்குவெட்டியையும் தேடிவந்து காப்பாற்ற வேண்டிய கடமை தொல்பொருள் திணைக்களத்துக்கு இல்லை.

அந்த வேலையை ஊரவர்களே கையில் எடுத்தால் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. எடுத்துக்கொண்ட இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் ஒரு பழைய ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே உள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். காரணம் நியாயமானது. பழைய கதவு, தூண், பித்தளை என்று வான் வண்டியோடு வந்து விலை பேசுகிறவர்கள் இப்போது யாழ்ப்பாணத்தின் எல்லா ஒழுங்கைகளுக்கும் பழகியவர்கள். வீட்டுக்கு இரவில் காவல் இல்லை. பட்டியலோடு முகவரியும் வெளியே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் அருங்காட்சியகமே இல்லாமல் போகவில்லை. நாவலர் வீதியில் தொல்பொருள் திணைக்களத்தின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளை 2020இல் பெரியதாக ஒன்றைத் திறந்தது. பல்கலைக்கழகத்திடம் அகழ்வில் கிடைத்தவை உள்ளன. ஒன்றின் பின்னால் அரசாங்கம், மற்றதன் பின்னால் அறக்கட்டளை, இன்னொன்றின் பின்னால் ஒரு துறையும் மாணவர்களும். நான் சொல்லும் இடத்தின் பின்னால் இருப்பது ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், தபாற்கந்தோரில் வேலை செய்து இளைப்பாறிய ஒருவர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலர், அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திறப்பு. திறப்பு வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் அருங்காட்சியகத்துக்கும் காய்ச்சல். சனி, ஞாயிறு காலையில் மட்டும் திறக்கிறார்கள். கட்டணம் இல்லை, விறாந்தையில் ஓர் உண்டியல் இருக்கிறது.

வீடு நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம், தெருப்பக்கம் கூரை போட்ட சங்கடப் படலை. சொந்தக்காரர் குடும்பம் கனடாவில். பூட்டிக் கிடந்து ஓடு சரிந்து போகிறதைவிட யாராவது கூட்டித் துடைத்து வைத்திருக்கட்டும் என்று வாய்ப்பேச்சில் கொடுத்த வீடு. இந்த 'வாய்ப்பேச்சு' பற்றிப் பிறகு வருகிறேன்.

உள்ளே போனால் முதல் அறையில் பித்தளை. குடம், செம்பு, மூக்குப்பேணி, குத்துவிளக்கு, தட்டம், கால் வைத்த படிக்கம். அடுத்த அறையில் பெட்டகம் இரண்டு, சாய்மனைக் கதிரை, பிள்ளைத் தொட்டில். குசினிப் பக்கம் அம்மி, ஆட்டுக்கல், திருகணி, நீற்றுப்பெட்டி, கடகம், சுளகு. கிணற்று நீர் இறைக்கும் துலா உள்ளே கொள்ளவில்லை என்பதால் வளவில் கிடுகுக் கொட்டிலின் கீழ் கிடத்தியிருக்கிறார்கள். வருகிற பிள்ளைகளுக்கு அது வெறும் மரம். மேலே ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் கிணற்றுப் பக்கம் நின்று பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்ற, புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அப்படித்தான் தண்ணீர் போனது என்று தபாற்கந்தோர் ஐயா கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். சுவரில் ஒரு படம் வரைந்து வைத்தால் அவர் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும்.

கூட்டம் நிற்பது இவற்றுக்கு முன்னால் அல்ல. பின் தாழ்வாரத்தில் ஒரு பலகைத் தட்டு இருக்கிறது. அதில் இருப்பவை போர்க்காலப் பொருட்கள், எதுவும் நாற்பது வயதைத் தாண்டாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கு, சைக்கிள் டைனமோவில் இணைத்த சின்ன ரேடியோ, பதுங்கு குழிக்குக் கூரையாகப் போன சிலிப்பர்க் கட்டையின் ஒரு துண்டு. 1990இல் ரயில் நின்றது, 2014இல்தான் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. இடையில் தண்டவாளமும் கட்டையும் என்னவாயின என்று இந்தத் துண்டைக் காட்டித்தான் அங்கே விளக்கம் சொல்கிறார்கள். நான் நின்ற நேரம் ஒரு தகப்பன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றிப் பாட்டுக் கேட்ட கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் நம்பவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத இன்னொருவர் எழும்பி வந்து, "உண்மைதான் பிள்ளை, சுத்திறதை நிப்பாட்டினால் செய்தியும் நிண்டிடும்" என்று சாட்சி சொன்னார். பொருளைப் பார்க்க வந்தவரே அதைப் பற்றி அதிகம் தெரிந்தவராக இருப்பது பெரிய அருங்காட்சியகங்களில் அபூர்வம். இங்கே அது அன்றாடம். ஆனால் அந்த இரண்டு பேர் சொன்னதையும் அன்று ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

என்னுடைய ஆய்வு முழுவதும் கடைசியில் அந்த எழுத்து வேலையில்தான் வந்து நின்றது. அதற்கு ஒரு மண்முட்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

முட்டி

ஆசிரியர்களில் ஒருவரான ரீச்சர், தபாற்கந்தோர் ஐயா, முட்டியைத் தந்த முதியவர் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். விபரங்களில் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு, சாரம் ஒன்றுதான்.

முதியவர் எழுபது கடந்தவர், பனை சீவும் தொழில் (சீவல் தொழில்) செய்த குடும்பம். தகப்பனின் மண்முட்டி ஒன்றைக் கழுத்துக் கயிற்றோடு கொண்டுவந்து கொடுத்தார். அன்று வரவுக் கொப்பி எழுதுகிறவர் இல்லை. நின்ற மாணவன் ஒருவன் சீ.ஆர். கொப்பியில் 'மண் முட்டி, 1' என்று எழுதி வாங்கி வைத்தான். யாருடையது, எங்கே பாவித்தது, எதற்கு என்ற ஒன்றும் இல்லை. சில மாதங்களில் ஆண்டு விழா வந்தது. எல்லாவற்றையும் துப்புரவாக்க வேண்டும் என்று பிள்ளைகள் கிணற்றடியில் குந்தியிருந்து தேய்த்தார்கள். முட்டியின் உட்பக்கம் வெள்ளையாகப் படை பிடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தும்பால் உரஞ்சிக் கழுவிவிட்டார்கள். பிறகு ஒருவர் யோசித்து 'கள்ளு முட்டி' என்று அட்டையில் எழுதி முன்னால் வைத்தார்.

முதியவர் ஒருநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அட்டையைப் பேத்தி சத்தமாக வாசித்தாள். அவர் கோபப்படவில்லையாம். ரீச்சரிடம், "பிள்ளை, இது கள்ளு முட்டியில்லை. அப்பு கருப்பநீர் இறக்கின முட்டி. உள்ளுக்குச் சுண்ணாம்பு இருந்ததே, அதை என்ன செய்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

தெரியாதவர்களுக்கு: பனையின் பாளையைச் சீவி முட்டி கட்டினால் சொட்டுச் சொட்டாக விழும் சாற்றில் மதுவம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரை நொதித்துப் புளிப்பேறிக் கள்ளாகிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் நொதிப்பு தடைப்படும். சாறு இனிப்பாகவே இறங்கும். அதுதான் கருப்பநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே ஆள், ஒரே மாதிரி முட்டி. இரண்டு தொழிலையும் பிரித்துக் காட்டும் அடையாளம் அந்த வெள்ளைப் படை. பிள்ளைகள் கழுவி ஊற்றியது அதைத்தான்.

இதை வெறும் பராமரிப்புத் தவறு என்று கடந்துவிட முடியாது. அந்த வீட்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான பொருட்களில் மிகப் பெரும்பாலானவை காணி பூமியோடு இருந்த வீடுகளிலிருந்து வந்தவை. பெட்டகமும் பித்தளையும் யாரிடம் இருந்தனவோ அவர்களிடமிருந்துதானே வரும். சீவல் தொழிலாளர் வீட்டிலிருந்து வந்தது அன்றைக்கு அந்த ஒரு முட்டிதான். ஊரில் அந்தக் குடும்பங்களைக் கள்ளோடு மட்டும் சேர்த்துப் பேசிய பேச்சுக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதே பேச்சை அட்டையில் எழுதி, அவர் பேத்தி வாயாலேயே வாசிக்க வைத்தது அருங்காட்சியகம். எழுதியவருக்கு அப்படி ஒரு நினைப்பே இருந்திருக்காது. அதனால்தான் இது கவனிக்க வேண்டியது. தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பும்போது எங்கள் கை பழக்கப்பட்ட பக்கமே போகும்.

ரீச்சர் அடுத்துச் செய்தவை பாராட்ட வேண்டியவை. முதியவரை வாங்கில் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, போனில் பதிவு போட்டுக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார். எந்த மாதங்களில் பாளை வரும், சுண்ணாம்பு எவ்வளவு தடிப்பாகப் பூச வேண்டும், கூடினால் பனங்கட்டியின் ருசி எப்படிக் கெடும், வளவுக்காரருக்குப் போகும் பங்கு என்ன. எல்லாம் ஒலிப்பதிவில் இருக்கிறது. கொப்பியில் பழைய வரியை வெட்டவில்லை. அதன் கீழே வேறு மையில் திகதி போட்டுத் திருத்தம் எழுதினார். முட்டியை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தபோது கழுத்தின் உட்புற வளைவில், தும்பு எட்டாத இடத்தில், நகத்தளவு அகலத்தில் வெள்ளைக் கீற்று ஒன்று மிஞ்சியிருந்தது. நானும் பார்த்தேன். விரல் வைத்தால் மாவாக உதிரும் போல இருக்கிறது. அதை இப்போது ஒருவரும் தொடுவதில்லை.

பிறகு முதியவர் பாளைக்கத்தியும், மரமேறக் காலில் மாட்டும் தளநாரும் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய உறவினர் ஒருவர் பிளா (ஓலையில் மடிக்கும் குடிகலம்) கோலும் முறையைக் காட்ட வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை.

புதிய அட்டையில் 'கருப்பநீர் முட்டி' என்று சரியாக இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு எங்கே போனது என்று இல்லை. அதையும் எழுதுங்கள், கழுவியதும் இந்த முட்டியின் வரலாறுதானே என்றேன். குழுவுக்குள் ஒத்த கருத்து இல்லை. "வாறவை சிரிப்பினம்" என்றார் ஒருவர். சிரிக்கட்டுமே என்பது என் எண்ணம். ஆனால் அது அவர்கள் வீடு.

புளியும் பெயரும்

கழுவும் ஆசை முட்டியோடு நிற்கவில்லை. பித்தளை அறை ஒவ்வொரு விழாவுக்கு முன்பும் புளி போட்டு மினுக்கப்படுகிறது. பார்க்க வடிவுதான். ஆனால் எங்கள் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. விளிம்புக்குக் கீழே சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய தலைப்பெழுத்து, சிலவற்றில் ஆண்டு, சிலவற்றில் கோயிலுக்குக் கொடுத்தது என்ற குறிப்பு. கலியாண வீட்டுக்கு இரவல் போன குடம் சொந்த வீட்டுக்குத் திரும்புவதற்கான அடையாளம் அது. ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் உலோகத்தில் ஒரு மெல்லிய படை போகிறது, புள்ளிகளும் ஆழம் குறைகின்றன. ஒரு செம்பில் முதல் எழுத்து 'வே' என்று விளங்குகிறது, இரண்டாவது எழுத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கலாம்.

இந்த எழுத்துகளுக்கு இங்கே வேறு பெறுமதியும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் வலிகாமத்துச் சனம் ஒட்டுமொத்தமாக வெளிக்கிட்டபோது பாத்திரங்களைக் கிணற்றுக்குள் போட்டவர்களும் வளவில் தாட்டவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்து தோண்டியபோது தன்னுடையதும் பக்கத்து வீட்டாருடையதும் கலந்து கிடந்தது என்று பொருள் தந்தவர்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். அப்போது பிரித்தெடுக்க உதவியது வெட்டிய பெயர்தான். ஆகவே புளியை நிறுத்தி, காய்ந்த பருத்தித் துணியால் தூசு தட்டுவதோடு விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். கறுத்தால் கறுக்கட்டும். இதற்கு எதிர்ப்பு வந்தது மாணவர்களிடமிருந்து அல்ல, பெரியவர்களிடமிருந்து. கறுத்த பித்தளையை ஆட்களுக்குக் காட்டுவது அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓலைப் பொருட்களுக்கு வேறு தொல்லை. வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் அனுப்பிய காசில் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார்கள், உள்ளே எல்.ஈ.டி. விளக்கு, வெளியே உபகாரிகளின் படத்தோடு பெரிய பதாகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கி நீற்றுப்பெட்டியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. காற்றாட வெளியில் தொங்கிய கடகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் வலை அடித்த துளைகள் போட்டால் போதும், செலவு பெரிதாக இல்லை. பூச்சி விழுந்த ஓலைக்கு மருந்தடிக்கத் தேவையில்லை, பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 20 பாகை செல்சியஸ் வரை போகும் குளிரூட்டியில் ஒரு வாரமாவது வைத்து எடுத்தால் முட்டையோடு செத்துவிடும். சந்தியில் ஐஸ்கிறீம் கடைக்காரர் இடம் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். பூ வேலைப்பாட்டுத் தட்டம் ஒன்றில் இலக்கத்தை அழியாத மார்க்கரால் நேரே எழுதியிருந்தார்கள். அதற்குப் பதிலாகப் பருத்தி நாடாவில் எழுதிக் கட்டச் சொன்னதை உடனேயே செய்தார்கள்.

தோண்டி எடுத்த பொருள் வேண்டாம் என்ற விதியையும் வைத்திருக்கிறார்கள். இதில் மிகத் தெளிவாக இருக்கிறார்கள். ஆனைக்கோட்டையில் 1980இல் பல்கலைக்கழகக் குழுவின் அகழ்வில் பிராமி எழுத்து முத்திரை கிடைத்ததிலிருந்து, கந்தரோடைப் பக்கம் அத்திவாரம் வெட்டும்போது ஓட்டுத் துண்டு கண்டால் கொண்டுவந்து தரும் ஆட்கள் உண்டு. வாங்குவதில்லை, எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். சட்டமும் அதுதான், மண்ணிலிருந்து பிரிந்த ஓடு பாதிச் சாட்சியத்தை இழந்துவிடுகிறது என்ற அறிவும் அதுதான்.

யாருடையது

வரவுக் கொப்பியின் முதல் பக்கங்களில் 'தந்தவர்' என்று ஒரு நிரல் மட்டும் இருக்கிறது. முழுக்கக் கொடுத்ததா, இரவலா, யார் சார்பில் என்று இல்லை. இதனால் ஒரு பெட்டகத்தில் சிக்கல் வந்தது. தம்பி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வருடம் கழித்து ரொறன்ரோவிலிருந்து அக்கா போன் எடுத்தார், அது அம்மாவின் சீதனம், தனக்கென்று சொல்லி வைத்தது என்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தைப் பிரித்துப் பார்க்கும் ஊர் இது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த வழமை இன்றும் நீதிமன்றத்தில் பேசப்படுகிறது. பெட்டகம் எந்த வழியில் வந்தது என்று கேட்காமல் வாங்கியது பிழைதான். நல்ல வேளை, அக்கா நியாயமானவர். தன் பெயரில் இரவல் என்று எழுதித் தரும்படி கேட்டார், எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு கொப்பியில் நிரல் கூடியது: யார் தந்தது, யாருடையது, எந்த வழியில் வந்தது, எங்கே பாவித்தது, திருப்பிக் கேட்டால் என்ன.

இந்தக் கொப்பி ஒன்றே ஒன்று என்றால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும். 1981இல் பொதுசன நூலகம் எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போன ஊரில், ஒரு பிரதி மட்டும் இருக்கும் எதையும் யாரும் நிம்மதியாக வைத்திருப்பதில்லை. 2005இலிருந்து தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தை வளர்த்துவருவதை இந்தப் பிள்ளைகள் பாடசாலையிலேயே அறிந்தவர்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் கொப்பிப் பக்கங்களைப் போனில் படமெடுத்து மூன்று இடங்களில் சேமிக்கிறார்கள், ஒன்று நாட்டுக்கு வெளியே. அங்கே மிகச் செலவு குறைந்ததும் மிகச் சிறப்பானதுமான ஏற்பாடு இதுதான் என்பேன். கண்ணாடிப் பெட்டிக்குப் போன காசில் பாதியை ஒலிப்பதிவுக் கருவிக்கும் ஒரு பிள்ளையின் வாராந்தப் பஸ் செலவுக்கும் வைத்திருந்தால், டைனமோ ரேடியோவுக்கு முன்னால் நின்ற அந்த இரண்டு பேரின் கதையும் இப்போது கையில் இருக்கும்.

கடைசியாக வீடு. சொந்தக்காரக் குடும்பத்தில் இளைய தலைமுறை வளவை விற்கலாமா என்று யோசிக்கிறது. வாய்ப்பேச்சை எழுத்தாக்க ஒரு நொத்தாரிசிடம் வரைவு எழுதுவித்திருக்கிறார்கள். குழு பத்து வருடம் கேட்கிறது, குடும்பம் ஐந்துக்கு இணங்குகிறது. விற்பதென்றால் ஆறு மாதம் முன்னரே அறிவிக்க வேண்டும் என்ற வாசகத்தில் இரு பக்கமும் உடன்பாடு. குடும்பத்துக்காக இங்கே கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் கனடாவிலிருந்து வந்து சேர வேண்டும். இதற்கிடையில் பக்கத்துக் கோயில் ஒன்று தன் மடத்தைத் தர முன்வந்தது. இடம் தாராளம், கரண்டும் உண்டு, இரவில் காவலும் உண்டு. பேச்சு முடியும் நேரத்தில் நிர்வாகத்தில் ஒருவர், முட்டியும் பாளைக்கத்தியும் மட்டும் அங்கே வைக்க வேண்டாமே என்றிருக்கிறார். குழு கூடிக் கதைத்து, நன்றி சொல்லி மறுத்துக் கடிதம் கொடுத்துவிட்டது. ஐந்து வருடத்தை ஏழாக்க முடியுமா என்று இப்போது குடும்பத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.